நான் சாகடித்த புலவர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதரைத்தான் சாகடித்திருக்கிறேன். அவர் பிறந்ததே இல்லை என்பதால் கோர்ட்டு, கச்சேரி என்று யாரும் என்னை இழுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதுவும் பதுளைக் கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஹாலிஎல வழியாக மாட்டு வண்டியில்தான் பதுளைக்குச் சரக்கு வரும். கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரங்களில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பசறைப் பக்கம் போய், நமுனுகுல மலைத் தோட்டங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். துணி விற்கிறவனுக்குக் காது நீளம். பெண்கள் சேலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நேரத்தில் உலகத்துக் கதையெல்லாம் பேசுவார்கள். நான் முழக்கோலை வைத்துக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை, தோட்டத்துக் கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஒரு லயத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரே ஒரு பட்டுச் சேலை வாங்கினார்கள். விசேஷத்துக்கு ஒருத்தி என்று முறை வைத்துக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. நானும் இவ்வளவு ஒற்றுமையான பெண்களை இந்த மலையிலேயே பார்த்ததில்லை என்று வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது அந்த ஏழு பேரில் ஒருத்திக்கொருத்தி பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சேலையை வைத்துத்தான் நான் என் முதல் கதையை எழுதினேன். எண்பது பக்கம். அவர்கள் பேசுகிற மாதிரியே பேச்சு, நடுநடுவே நாலைந்து சிந்து. எழுதும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்த மறுநாளே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் சொல்கிறேன். நான் படித்தது பள்ளிவாசல் ஓதலும், பதுளையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து வருடத் தமிழும்தான். அந்தக் காலத்தில் புத்தகம் போடுகிறவர்கள் எல்லாம் வித்துவான்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் சாற்றுக்கவி இருக்கும். பெரிய புலவர்கள் இந்த நூலையும் இதைச் செய்தவரையும் வானளாவப் புகழ்ந்து பாடிக் கொடுத்த பாட்டுகள். சில புத்தகங்களில் சாற்றுக்கவி நூலைவிடத் தடிமனாக இருக்கும். அது இல்லாமல் வருகிற புத்தகம், சொந்தபந்தம் யாரும் இல்லாமல் தனியாகப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி. நானும் மூன்று புலவர்களுக்கு என் கதையைப் பிரதி எழுதி அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்காமல் திருப்பி அனுப்பினார்.

இரண்டு வருடம் அந்தக் கட்டு ஒரு அலமாரியில், சட்டைத் துணிக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்ப்பேன்; ஒரு பக்கம் படித்தால் நன்றாக இருக்கும், அடுத்த பக்கம் படித்தால் வெட்கமாக இருக்கும். கூலிப் பெண்கள் சேலைக்குச் சண்டை போட்டதையெல்லாம் ஒருத்தன் புத்தகமாக்குவானா என்று யாராவது கேட்பது போலவே இருக்கும். அப்படிக் கேட்ட ஆள் ஒருவரும் கிடையாது. எல்லாரும் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வேலை செய்தேன். கடற்கரைப் பட்டணம் ஒன்றில் வாழும் மகாவித்துவான் என்று ஒருவரை நானே உண்டாக்கினேன். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம் போட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத இன்னும் கை கூசுகிறது. அவர் பாடியதாக ஒரு வெண்பாவும் இரண்டு விருத்தமும் நானே எழுதி, என்னைத் தென்னிலங்கைத் தேன்மழை என்று நானே சொல்லிக்கொண்டேன். எண்பது பக்கக் கதையை எழுத ஆனதைவிட அந்த வெண்பாவுக்கு அதிக நாள் ஆயிற்று. கொழும்பில் அச்சடித்துப் புத்தகக் கட்டு வண்டியில் வந்து இறங்கிய நாளில் நான் முதலில் திறந்து பார்த்தது கதையை அல்ல, அந்தச் சாற்றுக்கவியைத்தான்.

அதற்குப் பிறகு தோட்டங்களுக்குப் போகும்போது துணி மூட்டைக்குள் புத்தகமும் போனது. எழுத்துத் தெரிந்தவர் கண்ணில் பட்டால், இது நம்முடையதுதான், பொழுது போகாவிட்டால் பாருங்கள் என்று முணுமுணுத்துக் கொடுத்துவிட்டு, அவர் திறப்பதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவேன். சேலை விற்கும்போது இருக்கிற வாய் புத்தகம் கொடுக்கும்போது எங்கே போகும் என்று தெரியாது.

அப்படி ஒரு புத்தகம் நமுனுகுலச் சரிவில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிற, கணக்கெழுதுகிற உத்தியோகம் அவருக்கு. ஆனால் உயிர் முழுக்கத் தமிழில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லயத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் கதையை உரக்கப் படித்துக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். மூன்று தடவை முடித்து நாலாவது தடவை ஓடுகிறது என்றும் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை நான் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகாவித்துவானே புகழ்ந்துவிட்டார் என்று நம்பித்தானே படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்தது போலவே கணக்கப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. இப்படிப்பட்ட நூலுக்கு இன்னும் அரங்கேற்றம் நடக்காதது குறை, அதைத் தம் தோட்டத்திலேயே நடத்தப் போகிறார்களாம். பந்தல் போடத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்ன ஞாயிற்றுக்கிழமை. சபைக்குத் தலைமை தாங்க மகாவித்துவானை நான் கையோடு அழைத்து வர வேண்டும். பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வில்வண்டி அனுப்புகிறார்கள்.

ஒரு வாரம் மிச்சம் இருக்கும்வரை பதில் போடாமல் நாளைக் கடத்தினேன். பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் முதலில் அந்தத் தேன்மழையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. காய்ச்சல் என்று எழுதலாமா என்று கேட்டேன். காய்ச்சல் ஆறினால் வந்துவிடுவாரே என்றாள். பயணம் போயிருக்கிறார் என்றால்? திரும்பி வருவாரே.

"மௌத்தாக்கிப் போடுங்க. மௌத்தான மனுசன யாரும் வண்டி அனுப்பிக் கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

எனக்கும் அதுதான் சுத்தமான வழியாகத் தெரிந்தது. மகாவித்துவான் திடீரென்று காலமானார், ஆகையால் அரங்கேற்றத்தை நிறுத்திவிடுங்கள் என்று நாலே வரியில் எழுதினேன். எழுதியவன் அத்தோடு விட்டிருக்கலாம். தோட்டத்து ஜனங்களிடையே ஒரு வழக்கம் உண்டு: நல்ல காரியக் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள் தடவுவார்கள், சாவுக் கடிதம் என்றால் கறுப்பு. எங்களில் அது கிடையாது. ஆனால் பொய்யைப் பலமாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், விளக்குக் கரியை விரலில் தொட்டுக் கடிதத்தின் நாலு மூலையிலும் உறையின் நாலு மூலையிலும் பூசினேன். உறையின் பின்புறம் வழக்கம் போல எங்கள் கடை முத்திரையைக் குத்தித் தபாலில் போட்டேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அரங்கேற்றத்துக்குக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணி இருக்கும். வாடிக்கையாளர் ஒருவருக்கு மல்துணி அளந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு குரல் இல்லை; பெரிய கூட்டம். பாவம், யார் வீட்டில் என்று தெரியவில்லையே என்று துணியைத் தோளில் போட்டபடியே இறங்கிப் போய், பக்கத்துக் கடைக்காரர்களோடு நின்று எட்டிப் பார்த்தேன். இருபது, இருபத்தைந்து தோட்டத்து ஆட்கள். ஆண்கள் தோளில் துண்டு இல்லாமல், பெண்கள் தலையில் பூ இல்லாமல். பசறைப் பாதையில் இருட்டோடு புறப்பட்டு நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தெருவில் யார் வீட்டுக்கும் திரும்பாமல் நேரே வந்து என் கடை வாசலில் நின்றார்கள்.

சத்தம் கேட்டு என் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பக்க வாசலுக்கு வந்தாள். கூட்டத்தின் முன்னால் நின்ற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து தலையில் தலை சேர்த்து அழுதார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒப்பாரியில் என் கதையின் ஏழு பெண்களும் வரிசையாக வந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரு சேலை கொடுத்தவரே, உமக்குக் கோடி போர்த்த நாங்கள் பிந்தி வந்தோமே என்று பாடினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தது நான்.

அந்தப் பெண் என் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"இனிமே எங்கள யாரும்மா எழுதுவா?"

உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒருவன் தன் சாவுக்கு அழுகிறவர்களைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. நான் பட்டேன். அந்த இரண்டு வருடமும் அலமாரியில் கிடந்த கட்டை நினைத்துக்கொண்டேன். எந்த மகாவித்துவானும் எனக்கு இப்படி ஒரு சாற்றுக்கவி பாடியிருக்க மாட்டார்.

என் மனைவிக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினாள்.

"அவருதான் அங்க நிக்கிறாரே" என்றாள்.

இருபத்தைந்து தலையும் திரும்பின. தோளில் மல்துணியோடு நான். ஒரு பெரியவர் கும்பிட்டுவிட்டார். அந்தப் பெண் எழுந்து வந்து, கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

நடந்தது மெதுவாக வெளியே வந்தது. கரி பூசிய உறை எங்கள் கடை முத்திரையோடு வந்ததைத் தபால் சுமக்கிற ஆள் பார்த்திருக்கிறார். புத்தகக்காரர் கடையிலிருந்து சாவுக் கடிதம் என்ற செய்தி அவருக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். கணக்கப்பிள்ளையும் படித்தார், கிழித்தார், ஞாயிற்றுக்கிழமை விசேஷம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் துரை வேலையாகப் பண்டாரவளைக்குப் போய்விட்டார். மீதியை லயமே முடிவு செய்துகொண்டது. சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்காமல் இருக்க முடியுமா?

அவர்கள் முன்னால் பொய் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. மகாவித்துவான்தான் இறந்தார், நீங்கள் தவறாக நினைத்துவிட்டீர்கள் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் என் மனைவி கையில் அவர்கள் கொடுத்த வெள்ளைச் சேலை இருந்தது. விதவையாகிவிட்டாள் என்று அவளுக்காகக் கொண்டுவந்த கோடிச் சேலை. கரையைப் பார்த்ததும் தெரிந்தது, நானே போன மாதம் அந்த லயத்தில் விற்றதுதான். யாரோ தனக்கென்று வாங்கி வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புலவர் என்று யாரும் இல்லை, அந்தப் பாட்டை எழுதியது நான், என் கதையை நானாகக் கொடுத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று பயந்துதான் எழுதினேன் என்றேன்.

"அப்ப யாருமே சாகலயா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்ல."

"அந்தப் புலவரு?"

"அவர் பொறக்கவே இல்ல."

அவள் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தெருவே சிரித்தது. மல்துணி வாங்க வந்த வாடிக்கையாளர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள், அந்தப் புலவரைப் பற்றி அவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாதாம். "முன்னால இருக்கிற பாட்டெல்லாம் கணக்கப்பிள்ளை ஐயா தனக்குத்தானே படிச்சுக்குவாருங்க. சேலைக்காரரு லயத்துக்கு வர்ற எடத்துல இருந்துதான் நாங்க கேப்போம்." இரண்டு வருடம் நான் பயந்து, பல நாள் தூக்கம் கெட்டு எழுதிய வெண்பாவை ஒருவரும் கேட்கக்கூட இல்லை. அவர்கள் விரும்பியது முழுக்க என் கதையை.

என் மனைவி தேத்தண்ணீரும் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். துக்க வீட்டில் கை நனைக்கலாமா என்று ஒரு கிழவர் தயங்கினார். நிச்சயமாக யாரும் சாகவில்லையே என்று என்னிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு குடித்தார். வெள்ளைச் சேலையைத் திருப்பிக் கொடுத்தால் சகுனம் சரியில்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அதை என் மனைவி பெட்டியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பொய்க்கு உதவும் என்றாள்.

புறப்படும்போது அந்தப் பெண் உத்தரவு மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள். பந்தல் போட்டது போட்டதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து என் வாயால் கதையைப் படிக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளைக்கு நேரில் சொல்வதுதான் முறை என்று இரண்டு நாள் முன்னதாகவே போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துச் சாற்றுக்கவிப் பக்கத்தைத் திறந்தார். கோபம் இருந்தது, இருக்கத்தானே வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார், அந்த வெண்பாவில் ஓர் இடத்தில் தளை தட்டுவது அவருக்கு முதல் நாளே தெரிந்ததாம். மகாவித்துவான் செய்தது தப்பாக இருக்குமா, நமக்குத்தான் புரியவில்லை என்று தம் வாயைத் தாமே மூடிக்கொண்டாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இல்லாத ஒரு மனிதருக்கு நாங்கள் இருவரும் பயந்திருக்கிறோம். அவர்தான் முதலில் சிரித்தார்.

அரங்கேற்றம் அந்த ஞாயிறு நடந்தது. அரங்கேற்றம் என்றால் சபையில் இருக்கிறவர்கள் தடை கேட்க வேண்டும், ஆசிரியன் விடை சொல்ல வேண்டும். அந்தத் தடைகளை நினைத்துத்தான் நான் இத்தனை காலம் நடுங்கினேன். பந்தலுக்குள் லயத்துச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டு பக்கம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வேடிக்கை வரும்; அது வருவதற்கு முன்பே அவர்கள் சிரித்துவிட்டார்கள். பாதிப் பேருக்குக் கதை மனப்பாடம். நான் ஒரு வரியை விட்டுவிட்டால் இரண்டு பக்கமிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

முடிந்ததும் தடை கேட்டார்கள். பட்டுச் சேலையை ஆற்றில் அடித்துத் துவைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, துணிக்கடைக்காரர் எழுதுகிற எழுத்தா இது என்று ஒருத்தி கேட்டாள். தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஐந்தாவது பெண்ணைக் கோள் சொல்கிறவளாகக் காட்டியது அநியாயம், கோள் மூட்டியது அவள் நாத்தனாராகத்தான் இருக்கும் என்று இன்னொருத்தி வாதாடினாள். கணக்கப்பிள்ளை நடுவில் இருந்து தீர்ப்புச் சொன்னார். எனக்கு என் கடையில் ஒரு நாளும் இவ்வளவு கொண்டாட்டமாக இருந்ததில்லை.

கடைசியாக என் வீட்டுக்கு அழுதுகொண்டு வந்த அந்தப் பெண் எழுந்து நின்றாள். சேலை விற்கிற அன்றைக்கு எட்டாவதாக ஒருத்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவள் ஏன் போனாள் என்று கேட்டாள். எனக்கு ஞாபகம்கூட இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. அது நான் கண்ட பெண் அல்ல. அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றால் நன்றாக இருக்கும் என்று சும்மா எழுதியது. அவள் யார் என்று எனக்கே தெரியாது என்றேன்.

"அது நாந்தான்" என்றாள். "நான் அந்தத் தோட்டத்துல இருந்ததுமில்ல, அந்தச் சேலையப் பார்த்ததுமில்ல. ஆனா அது நாந்தான். ஏன் உள்ள போனேன்னு நான் சொல்றேன், எழுதுங்க."

கணக்கப்பிள்ளை தம் பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினார். அவள் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கூட்டம் நெருங்கி வந்தது. நம்மால் எழுத முடியுமா என்ற பழைய கேள்வி அன்றைக்கு எனக்கு வரவே இல்லை. அவள் வேகமாகப் பேசுகிற பெண், ஒரு சொல்லும் தவறாமல் பிடிக்க வேண்டுமே என்ற அவசரம்தான் இருந்தது.